கீழ் ஒட்டிவாக்கத்து சுபேதார்

காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை வளைத்து நொறுக்கினார்கள். அந்தத் தோல்வி நடந்து இருபதே நாளில், சென்னையில் இரண்டு பயனியர் கம்பெனிகள் திரட்டப்பட்டன. வழி வெட்டுவது, பாலம் போடுவது, அகழி தோண்டுவது அவர்கள் வேலை. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பெரும் படைப்பிரிவு வளர்ந்தது அந்த இரண்டு கம்பெனிகளிலிருந்துதான்.

ஏறக்குறைய 160 ஆண்டுகள் கழித்து, அதே காஞ்சி வட்டாரத்துக் கீழ் ஒட்டிவாக்கத்தில் பிறந்த சுப்பிரமணியன் அந்தப் படையில் சுபேதாராக இருந்தார்.

தென்னாட்டு ஆட்கள் போருக்கு லாயக்கில்லை என்று ஆங்கில அதிகாரிகள் முடிவுகட்டியிருந்த காலம் அது. மெட்ராஸ் காலாட்படைப் பட்டாலியன்களை 1920-களிலேயே கலைத்துவிட்டார்கள். சாப்பர்கள் நிலைத்தார்கள். இரண்டாம் உலகப் போர் வந்து ஆள் தேவைப்பட்டபோது, 1941-ல் மெட்ராஸ் ரெஜிமென்ட்டை மறுபடி எழுப்ப வேண்டியதாயிற்று. அந்தப் போரில் இந்தியப் படையில் சேர்ந்தவர்கள் சுமார் 25 லட்சம் பேர். யாரும் கட்டாயப்படுத்திச் சேர்க்கப்பட்டவர்கள் அல்லர்.

சுப்பிரமணியன் இருந்தது 11-வது ஃபீல்ட் பார்க் கம்பெனி. பட்டறை, தளவாடம், பாலச் சாமான் எல்லாம் அவர்கள் பொறுப்பு. 1944 பிப்ரவரியில் இத்தாலியின் கசினோ மலையடிவாரத்தில் கடும் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஜெர்மானியர் பின்வாங்கிய இடமெல்லாம் கண்ணிவெடியைப் புதைத்துவிட்டுப் போனார்கள். அவற்றில் ஒரு வகை மிகவும் கொடியது. மிதித்தவுடன் வெடிக்காது. நான்கு விநாடி போல் தாமதித்து, இடுப்புயரம் எழும்பி, நூற்றுக்கணக்கான இரும்புக் குண்டுகளை நாலாபுறமும் வாரி இறைக்கும். குப்புறப் படுத்துத் தப்பிக்க அந்த விநாடிகள் போதும். ஆனால் பக்கத்தில் நிற்பவனுக்கும் வெடி மிதிபட்டது தெரிந்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 24 அன்று மின்யானோ அருகே சுப்பிரமணியனின் குழு கண்ணிவெடிகளை அகற்றிக்கொண்டிருந்தது. அந்த வகை வெடி ஒன்று இயங்கத் தொடங்கிவிட்டது. தப்பிக்கக் கிடைத்த அந்தச் சில விநாடிகளில் அவர் ஓடவில்லை, ஒதுங்கவில்லை. வெடியின் மேலேயே பாய்ந்து விழுந்தார். அதன் முழு வேகத்தையும் தன் உடம்பில் வாங்கி உயிர் விட்டார். உடனிருந்தவர்கள் பிழைத்தார்கள்.

எதிரியின் எதிரே நின்று காட்டும் வீரத்துக்கு விக்டோரியா கிராஸ். எதிரி முன்னால் நிற்காத இடத்தில் காட்டும் அதே அளவு வீரத்துக்கு ஜார்ஜ் கிராஸ். 1940-ல் ஏற்படுத்தப்பட்ட அந்த ஜார்ஜ் கிராஸ் 1944 ஜூன் 30 அரசிதழில் சுப்பிரமணியனுக்கு அறிவிக்கப்பட்டது. லாயக்கில்லை என்ற பேச்சுக்கு இதைவிடப் பெரிய பதில் தேவையில்லை.

பட்டுக்கும் கோயிலுக்கும் காஞ்சிக்கு வருகிறவர்களுக்கு இந்தப் பெயர் தெரியாமல் போகலாம். இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகக் கூடாது. ஆண்டுதோறும் பிப்ரவரி 24 அன்று காலை வணக்கக் கூட்டத்தில் சுபேதார் சுப்பிரமணியனைப் பற்றி ஐந்து நிமிடம் சொல்லுங்கள், ஆசிரியர்களே.