பிக்-அப்பில் கியர் விழவில்லையா? கியர் பாக்ஸைக் கழற்றச் சொல்லும் முன் இதைப் பாருங்கள்

கிளட்ச்சை முழுக்க மிதிக்கிறீர்கள். ஆனாலும் லீவர் அசையவில்லை. பக்கத்தில் நிற்பவர் உடனே சொல்வார்: "கியர் பாக்ஸ் போச்சு!" அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். மேனுவல் வண்டியில் கியர் சிக்குவதற்குப் பல நேரங்களில் காரணம் கியர் பாக்ஸுக்கு வெளியேதான் இருக்கும். எங்கே கோளாறு என்பதைப் பத்து நிமிடத்தில் ஓரளவு நீங்களே கண்டுபிடிக்கலாம்.

இங்கே இது ஏன் முக்கியம்?

மலேசியாவின் முதல் வணிகமுறை செம்பனைத் தோட்டம் 1917இல் தொடங்கியது கோல சிலாங்கூர் மாவட்டத்தில்தான். பெஸ்தாரி ஜெயா பக்கம் உள்ள அந்தத் தோட்டத்தின் பெயரே 'தென்னமரம்'. இன்றும் ஈஜோக் முதல் சபாக் பெர்ணம் வரை செம்பனை வேலைக்குப் பிக்-அப் இல்லாமல் முடியாது. வெட்டிய குலையில் நேரம் ஆக ஆக கொழுப்பு அமிலம் ஏறும், எண்ணெயின் தரம் இறங்கும். அதனால்தான் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்கு அனுப்பப் பார்க்கிறார்கள். வண்டி நின்றால் அன்றைய வருமானமும் நிற்கும். தேவையில்லாமல் கியர் பாக்ஸை இறக்கினால் அந்தச் செலவு தனி.

முதலில் பாதுகாப்பு

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கல்லோ கட்டையோ வையுங்கள். ஜேக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. இன்னொன்று: உங்களிடம் இருப்பது டிஏ உரிமம் என்றால் ஆட்டோ கார் மட்டுமே ஓட்டலாம். "சும்மா பட்டறை வரைக்கும்தானே" என்று மேனுவல் வண்டியைச் சாலையில் எடுக்க முடியாது.

சோதனை 1: எஞ்சினை அணைத்துவிட்டுக் கியர் போடுங்கள்

இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. எஞ்சின் ஓடும்போது அதன் சுழற்சியைக் கியர் பாக்ஸிலிருந்து பிரிப்பது கிளட்ச்சின் வேலை. எஞ்சின் நின்றுவிட்டால் பிரிக்க வேண்டிய சுழற்சியே கிடையாது. ஆகவே:

• எஞ்சின் நிற்கும்போது எல்லா கியரும் சுலபமாக விழுகிறது, ஓடும்போது மட்டும் விழவில்லை: கிளட்ச் முழுசாகப் பிரியவில்லை.
• எஞ்சின் நின்றாலும் லீவர் அசையவில்லை: லீவர், கேபிள், கம்பி அல்லது கியர் பாக்ஸின் உள்பகுதியைச் சந்தேகப்படுங்கள்.
• ஒரே ஒரு கியர் மட்டும் அடம் பிடிக்கிறது: அந்தக் கியரின் சிங்க்ரோ வளையம் அல்லது அதைத் தள்ளும் ஃபோர்க் தேய்ந்திருக்கலாம்.

நிற்கும் வண்டியில் பற்கள் நேருக்கு நேர் முட்டிக்கொள்வதும் உண்டு. கிளட்ச்சை விட்டு மறுபடி மிதித்துப் பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.

சோதனை 2: கிளட்ச் பம்ப்

பானெட்டைத் திறந்து கிளட்ச் எண்ணெய் டப்பாவைப் பாருங்கள். சில வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே டப்பாதான். அதில் எண்ணெய் குறைந்திருந்தால் அது பிரேக் சம்பந்தப்பட்ட விஷயமும்கூட. கசிவு எங்கே என்று தெரியாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

அடுத்து, பெடலை ஐந்தாறு முறை வேகமாக மிதியுங்கள். அதன் பிறகு கியர் விழுந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கலாம், இல்லை பம்ப் ரப்பர் தேய்ந்திருக்கலாம். மேல் பம்ப் பெடலுக்குப் பின்னால் இருக்கும். அங்கே ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். கீழ் பம்ப் பெரும்பாலும் கியர் பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும். சில மாடல்களில் அது உள்ளேயே இருப்பதால், அதை மாற்ற மட்டும் கியர் பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும்.

எண்ணெய் குறைந்தால் டப்பா மூடியில் எழுதியிருக்கும் டாட் 3 அல்லது டாட் 4 வகையை மட்டும் ஊற்றுங்கள். கையில் கிடைத்த எஞ்சின் எண்ணெயை ஊற்றினால் ரப்பர்கள் ஊதி எல்லாமே கெட்டுவிடும்.

கியரிலேயே சிக்கிக்கொண்டால்?

மேட்டில் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் மட்டும் நிறுத்தினால், வண்டியின் மொத்த பாரமும் கியர் பற்களில் உட்கார்ந்துவிடும். லீவரை வெறித்தனமாக இழுக்காதீர்கள். பிரேக்கையும் கிளட்ச்சையும் மிதித்துக்கொண்டு, இன்னொருவரை வண்டியை லேசாக முன்னும் பின்னும் ஆட்டச் சொல்லுங்கள். பாரம் விலகும் நொடியில் லீவர் நியூட்ரலுக்கு வந்துவிடும்.

சிக்கியது ஃபோர்வீல் லீவரா? சேற்றுக்காகப் போட்ட ஃபோர்வீலை எடுக்காமல் தார் சாலையில் ஓட்டினால் இப்படி ஆகும். வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் உருளும். தார் சாலையில் சக்கரம் வழுக்காததால் அந்த வித்தியாசம் முறுக்காக உள்ளே ஏறி நிற்கும். நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுத்தாலே பெரும்பாலும் தளர்ந்துவிடும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா?

2021 டிசம்பர் வெள்ளத்தை சிலாங்கூர் மறக்காது. தண்ணீரில் நின்ற பிக்-அப்பில் இரண்டு விஷயம் நடக்கலாம். ஒன்று, கிளட்ச் தட்டு துருவேறி ஃபிளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, காற்றுக்குழாய் வழியாகத் தண்ணீர் கியர் பாக்ஸுக்குள் இறங்கும். கியர் எண்ணெய் தே தாரிக் நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். எண்ணெயை மாற்றாமல் ஓட்டினால் பேரிங்கும் பற்களும் போய்விடும்.

மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வது?

"கியர் ஜேம்" என்று மட்டும் சொன்னால் போதாது. இவற்றைக் குறித்து வைத்துச் சொல்லுங்கள்:

• எஞ்சின் நிற்கும்போது விழுகிறதா, ஓடும்போது விழுகிறதா?
• எல்லா கியருமா, ஒன்று மட்டுமா?
• காலையில் மட்டும் கடினமா, சூடான பிறகுமா?
• சத்தம் எப்போது? நியூட்ரலில் வரும் சத்தம் கிளட்ச் மிதித்தால் நின்றால், கியர் பாக்ஸின் முன் பேரிங்காக இருக்கலாம். மிதிக்கும்போதுதான் சத்தம் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங்காக இருக்கலாம்.

எண்ணெய் மாற்றினால் பழைய எண்ணெயைக் காட்டச் சொல்லுங்கள். காந்தத்தில் ஒட்டியிருக்கும் மாவு போன்ற இரும்புத்தூள் சாதாரணம். உடைந்த துண்டுகள் வந்தால் அப்போது கியர் பாக்ஸைத் திறக்கத்தான் வேண்டும்.

செலவுக் கணக்கை வேலைக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். மாற்றிய பழைய பாகங்களையும் ரசீதையும் கேட்டு வாங்கி வையுங்கள். சொந்தப் பயன்பாட்டு வண்டி என்றால், தகராறு வரும்போது 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலேயே பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் பதிவு செய்யலாம். அங்கே உங்களுக்குக் கைகொடுப்பது அந்த ரசீதுதான்.