ஆய்வகத்தின் பாசார் மலாய்

மலாக்கா துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாகத் தோமே பிரெஸ் எழுதியிருக்கிறார். 1511இல் ஊர் போர்த்துகீசியர் கைக்குப் போனதும் இங்கே வந்து தங்கிய மருந்துச்சரக்குக்காரர் அவர். ஒவ்வொன்றாக எண்ணினாரா, காதில் விழுந்ததை வைத்துச் சொன்னாரா, யார் கண்டது? சுல்தான் காலத்தில் அந்தக் கூட்டத்தை மேய்க்க நான்கு ஷாபண்டார்கள், அதாவது துறைமுக அதிகாரிகள், இருந்தார்கள். குஜராத்திகளுக்கு ஒருவர். தமிழ் வணிகருக்கும், வங்காளம், பெகு, பாசையிலிருந்து வந்தவர்களுக்கும் சேர்த்து ஒருவர். ஆனால் கடைத்தெருவில் பேரம் படிந்தது பாசார் மலாய் என்ற எளிய சந்தை மலாயில்தான். அதில் கவிதை எழுத முடியாது. விலையும் எடையும் நாளும் சொல்லலாம், அது போதும்.

ஆய்வகக் கருவிகளும் பிற்பாடு இதே வழிக்குத்தான் வந்தன. அந்தக் கதை ஆரம்பிப்பது ஒரு மஞ்சள் நிறத்திலிருந்து. அது நம் தோட்டப்புறத்துக்குப் புதிய நிறம் அல்ல.

தான் சாய் யான் என்பவர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாக்காவில் நம்மவர்கள் பால் வெட்டிய காலம் அதன் பிறகு வந்தது. பால்மரம் நின்ற பல நிரைகளில் இன்று செம்பனை நிற்கிறது. ஆலையிலிருந்து வரும் கச்சா எண்ணெய் சிவந்திருப்பதற்குக் காரணம் கரோட்டீன். ஒரு கிலோ எண்ணெயில் ஏறக்குறைய அரை கிராம். 1903இல் வார்சாவில் மிகாயில் ஸ்வெத் என்ற தாவரவியலாளர் சுண்ணாம்புப்பொடி நிரப்பிய கண்ணாடிக் குழாயில் இலைச்சாற்றை ஊற்றியபோது, பச்சைகளைப் பின்னால் விட்டுவிட்டு முந்தி இறங்கிய மஞ்சள் வளையமும் இதே கரோட்டீன்தான். 1906இல் அந்த முறைக்குக் குரோமட்டோகிராஃபி என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் அதற்கு ‘நிற எழுத்து’ என்று பொருள். ஸ்வெத் என்றாலும் ரஷ்ய மொழியில் நிறம்தான். மனிதர் தன் பெயரையே கருவியில் ஒளித்து வைத்தாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

1960களில் கண்ணாடிக் குழாய் போய் எஃகுக் குழாய் வந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் சாபா ஹோர்வாத் போன்றவர்கள் திரவத்தைப் பம்பு வைத்து அழுத்தி உள்ளே தள்ளினார்கள். நிறம் தெரிய வேண்டிய அவசியமும் போயிற்று. வெளியே வரும் திரவத்தின் வழியே புற ஊதா ஒளியை விட்டு, எவ்வளவு ஒளி மறைந்தது என்பதை டிடெக்டர் மின்னழுத்தமாக மாற்றித் தந்தது. ஒரு பேனா அதை ஓடும் காகிதத்தில் மலைமுகடு மாதிரி வரைந்தது. ஆய்வகத்தில் அதைப் பீக் என்பார்கள்.

பீக்கின் பரப்பளவுதான் பொருளின் அளவு. வளைந்து நெளிந்த அந்தக் கோட்டின் பரப்பை எப்படி அளப்பது? கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துத் தராசில் வைத்தார்கள்! காகிதத்தின் எடை பரப்பைச் சொல்லிவிடும். மழைக்கால ஈரத்தில் காகிதம் கனக்குமே என்றால், அதே சுருளில் அளவு தெரிந்த ஒரு துண்டையும் வெட்டி நிறுத்து ஒப்பிடுவார்கள். பால் நிறுவையில் நின்று வளர்ந்தவர்களுக்கு இந்தத் தந்திரம் உடனே பிடிபடும்.

1970களில் அந்த வேலையை இன்டக்ரேட்டர் என்ற பெட்டி எடுத்துக்கொண்டது. அதுவே பரப்பைக் கணக்கிட்டுச் சூட்டுக்காகிதத்தில் அச்சடித்துத் தரும். அந்த எழுத்து நாளடைவில் மங்கிவிடும். நம் வெக்கையில் கேட்கவே வேண்டாம். டிடெக்டருக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு காகிதச் சுருள் என்று மேசை நிறைந்தது. பம்பு ஒரு கம்பெனி, மாதிரியை உள்ளே ஊசி போடும் கருவி வேறு கம்பெனி, டிடெக்டர் இன்னொன்று. சீல் மாற்றிக்கொண்டே இருந்தால் நல்ல பம்பு இருபது வருஷம் ஓடும். ஓடுகிற ஒன்றைத் தூக்கி எறிய யாருக்கு மனம் வரும்? ஆனால் ஹியூலெட்-பேக்கர்ட் பேசியதை வாட்டர்ஸ் அறியாது, வாட்டர்ஸ் பேசியதை ஷிமாட்ஸு அறியாது.

வழி பிறந்தது 1981இல் ஐபிஎம் பிசி வந்த பிறகு. கலிபோர்னியாவில் நெல்சன் அனலிட்டிக்கல் என்ற சிறு நிறுவனம் எந்தக் கருவியின் மொழியையும் கற்க முயலவில்லை. எல்லா டிடெக்டர்களின் முதுகிலும் பேனாவுக்கென்று விட்டிருந்த இரண்டு முனைகள் இருந்தன. சிலவற்றில் 10 மில்லிவோல்ட், இன்டக்ரேட்டருக்கானதில் 1 வோல்ட். அந்த மின்னழுத்தத்தை நொடிக்குப் பல முறை அளந்து எண்ணாக்கி, கணினிக்கு அனுப்பும் பெட்டியை அவர்கள் விற்றார்கள். எந்த ஊர்க் கருவியானாலும் அந்த இரண்டு கம்பியில் ஒரே பேச்சுத்தான். பின்னர் பெர்க்கின்-எல்மர் அந்த நிறுவனத்தை வாங்கிக்கொண்டது.

பாசார் மலாய் என்றால் அதன் குறையும் கூடவே வரும். கம்பி வழியே பீக் வரும். பம்பை வேகமாக ஓட்டு, விளக்கை அணை என்ற கட்டளை திரும்பிப் போகாது. ஒரு டிடெக்டரின் 1 வோல்ட்டும் இன்னொன்றின் 1 வோல்ட்டும் ஒரே ஒளி மறைப்பைக் குறிக்க வேண்டும் என்றில்லை. அந்த விகிதத்தை ஆள்தான் மென்பொருளில் எழுதி வைக்க வேண்டும். தரைக்கம்பி சரியில்லையென்றால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்து அடிக்கோட்டில் குந்திக்கொள்ளும்.

கருவியை ஆட்டுவிக்க அதன் தாய்மொழியையே கற்றாக வேண்டும். அதையும் சிலர் செய்தார்கள். மியூனிக் அருகே சாஃப்ட்ரான் உருவாக்கிய குரோமெலியான், அடுத்தவர் கருவிகளுக்கும் ஓட்டுநிரல் எழுதிச் சேர்த்தது. பிராகில் டேட்டாஅபெக்ஸ் அதே பாதையில் கிளாரிட்டியைக் கொண்டுவந்தது. ஒருவர் கோப்பை மற்றவர் படிப்பதற்கு, வானிலை ஆய்வாளர்கள் வைத்திருந்த நெட்சிடிஎஃப் என்ற வடிவத்தைக் கடன் வாங்கினார்கள். மேகத்துக்கு வெட்டிய சட்டை பீக்குக்கும் பொருந்திற்று. 1997இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் மின்பதிவுகளுக்கு விதி போட்டது. யார் எப்போது எதை மாற்றினார் என்ற தடம் வேண்டும் என்றது. மருந்து ஆய்வகங்களுக்கு ஒரே மென்பொருள் என்பது வசதியாக இருந்தது போய், கிட்டத்தட்டக் கட்டாயமாயிற்று.

இவ்வளவுக்குப் பிறகும் பழைய கருவியைச் சேர்க்கிறவர் முதலில் தேடுவது ஒரு சில்லறைச் சங்கதியை: ஊசி போட்ட கணத்தைக் கணினிக்குச் சொல்லும் கம்பி எங்கே? அந்தக் கணம் தவறினால் எல்லாப் பீக்கும் இடம் மாறி நிற்கும். கைப்பிடியைத் திருப்பி ஊசி போடும் வால்வில், திருப்பும்போது மூடிக்கொள்ளும் ஒரு சுவிட்சு இருந்தால் பிழைத்தோம். இல்லாத பழைய வால்வு என்றால் ஒரு சுவிட்சை வெளியிலிருந்து பொருத்தலாம். அதுவும் முடியாவிட்டால் கை வேலைதான். ஒரு கையால் பிடியைத் திருப்ப வேண்டும், அதே நொடியில் மறு கையால் கணினியின் விசையைத் தட்ட வேண்டும்.