தராசில் ஏறிய உடல்

மருத்துவமனைக்குள் நுழைந்ததும் எடை பார்க்கிறார்களே, அந்த வழக்கத்தின் பூர்வீகத்தில் ஒரு பறவை இருக்கிறது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டு கிரேக்க மருத்துவர் எரசிஸ்டிராடஸ் சொன்ன சோதனை இது: பறவையை ஒரு பாத்திரத்தில் இரையில்லாமல் அடைத்துவையுங்கள், பிறகு எச்சத்தோடு சேர்த்தே நிறுங்கள், அப்போதும் எடை குறைந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ ஒன்று உடலைவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறது!

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கேலன் இந்த எண்ணத்தைத் தன் மருத்துவத்தில் சேர்த்துக்கொண்டார். அவருடைய நூல்களை 9-ஆம் நூற்றாண்டு பாக்தாத்தில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் மொழிபெயர்த்தார். 12-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் டொலேடோவில் அவற்றில் பல அரபியிலிருந்து லத்தீனுக்கு மாறி, ஐரோப்பியக் கல்லூரிகளில் பாடமாயின.

அப்படிக் கேலனைப் பயின்றவர் இத்தாலிய மருத்துவர் சாந்தோரியோ. படித்ததை நிறுத்துப் பார்க்க ஆசைப்பட்டார். வணிகர்கள் சரக்கு நிறுக்கும் துலாக்கோலில் நாற்காலியைத் தொங்கவிட்டு அதில் உட்கார்ந்தார். உண்டது, குடித்தது, கழித்தது எல்லாவற்றையும் ஆண்டுக்கணக்கில் எடைபோட்டு 1614-இல் நூலாக்கினார். ஒரு நாளில் எட்டு பவுண்டு உட்கொண்டால் ஐந்து பவுண்டு கண்ணில் படாமலே வெளியேறிவிடும். அந்த இழப்பு அளவோடு நடந்தால் நலம், தடைப்பட்டால் நோய் என்றார்.

அடுத்தடுத்த நூற்றாண்டுகளில் கிளம்பினார்கள் பின்பற்றுகிறவர்கள். அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் ஜான் லைனிங் என்ற மருத்துவர், பருவநிலைக்கும் கொள்ளைநோய்களுக்கும் தொடர்பு தேடி, 1740 முதல் ஓராண்டு தன்னையே நிறுத்துக் குறித்தார். பாரிஸில் வேதியியலாளர் லவாய்சியர், தன் உதவியாளர் செகுவினைக் காற்றுப்புகாத பட்டுப்பைக்குள் இருக்கவைத்து, தோல்வழி இழப்பையும் மூச்சுவழி இழப்பையும் பிரித்து அளந்தார். 1901-இல் தொடங்கி மக்டூகல் என்ற அமெரிக்க மருத்துவர் ஆன்மாவின் எடையைத் தேடி, சாகும் தறுவாயில் இருந்தவர்களின் கட்டிலையே தராசில் ஏற்றினார். ஒருவரிடம் கிடைத்த கணக்கு மற்றவர்களிடம் ஒத்துவரவில்லை. ஆனாலும் அந்த ஒருவரிடம் கிடைத்த '21 கிராம்' உலகம் சுற்றியது.

முதல் உலகப்போர் கேள்வியை மாற்றிப்போட்டது. குருதி இழந்து அதிர்ச்சியில் கிடந்த வீரர்களை பிரான்சில் ஆராய்ந்த அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன், உடல் தன் வெப்பத்தையும் நீரையும் சர்க்கரையையும் இடைவிடாமல் சரிசெய்துகொள்வதைக் கண்டு, 1926-இல் அதற்கு 'ஹோமியோஸ்டாசிஸ்' என்று பெயரிட்டார். இழப்பை உடல் எப்படி ஈடுகட்டுகிறது என்பதே இப்போது ஆய்வின் மையம்.

1991-இல் அந்த எண்ணம் கலைக்கூடத்துக்குள் நுழைந்தது. எய்ட்ஸால் தன் காதலர் ராஸை இழந்த ஃபெலிக்ஸ் கொன்சாலஸ்-டோரஸ், பளபளக்கும் தாளில் சுற்றிய மிட்டாய்களை ஒரு மூலையில் குவித்தார். குவியலுக்கு அவர் குறித்த எடை 175 பவுண்டு, ஏறக்குறைய 79 கிலோ. வருகிறவர்கள் ஆளுக்கொன்று எடுக்கலாம். குவியல் கரையும், நோயில் உடல் கரைவதுபோல. ஆனால் திரும்பவும் நிரப்பலாம்.

எய்ட்ஸ் நோயாளிகளைத் தொடவே பலரும் அஞ்சிய நாட்கள் அவை. ஈடுகட்டும் பொறுப்பை அந்தக் கலைஞர் பிறர் கைகளுக்கு மாற்றிவிட்டார். உடலின் சமநிலையை உடல் மட்டும் காப்பதில்லை, சுற்றியிருப்பவர்களும் காக்கிறார்கள். இதை எந்தத் துலாக்கோலும் அதுவரை சொன்னதில்லை.