யூனிக்ஸ் வழங்கிகளில் நினைவகக் கணக்கும் ஸ்வாப்பும்: ஒரு வரலாறு

யூனிக்ஸ் வழங்கிகளின் நினைவகக் கணக்கு என்பது முதன்மை நினைவகமும், வட்டில் அதற்குத் துணையாக ஒதுக்கப்படும் ஸ்வாப் பகுதியும் எவ்வளவு பயன்பாட்டில் உள்ளன என்று காட்டும் எண்களைக் குறிக்கும். ஃப்ரீ, விஎம்ஸ்டாட் போன்ற கட்டளைகள் இவ்வெண்களைத் தருகின்றன. காலி நினைவகம் குறைந்து, ஸ்வாப் ஓரளவு நிரம்பியிருந்தால் வழங்கிக்கு நினைவகம் போதவில்லை என்று பலர் முடிவு செய்து, தேவையின்றிக் கூடுதல் நினைவகம் வாங்குகின்றனர். "காலி" என்ற சொல்லின் பொருள் காலப்போக்கில் மாறியதே இக்குழப்பத்துக்கு முக்கியக் காரணம்.

தொடக்கம்

இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் தலைமையிலான குழு, ஃபெரான்டி நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கிய அட்லஸ் கணினி 1962 டிசம்பரில் செயல்பாட்டுக்கு வந்தது. அதன் முதன்மை நினைவகத்தில் 16,384 சொற்களே அடங்கும். ஒரு சொல் என்பது 48 பிட். துணையாக 98,304 சொற்கள் கொள்ளும் காந்த உருளை இருந்தது. நிரல் எழுதுவோருக்கு இரண்டும் ஒரே நினைவகமாகத் தோன்றின. தரவு 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பிரிக்கப்பட்டது. தேவைப்படும் பக்கத்தைக் கணினியே உருளையிலிருந்து எடுத்து வந்தது. மெய்நிகர் நினைவகம் இவ்வாறு பிறந்தது.

இம்முறையின் ஆபத்தை 1968-இல் பீட்டர் டென்னிங் விளக்கினார். இயங்கும் நிரல்களுக்கு உடனடியாகத் தேவைப்படும் பக்கங்கள் நினைவகத்தில் அடங்காவிட்டால், கணினி பக்கங்களை மாற்றுவதிலேயே நேரத்தைக் கழிக்கும், வேலை நடக்காது. இந்நிலையைத் திணறல் எனலாம்.

யூனிக்ஸின் முதல் ஆண்டுகள்

1969-இல் பெல் ஆய்வகத்தில் தொடங்கிய யூனிக்ஸ், அடுத்து பிடிபி-11 கணினிக்கு மாறியது. அக்கணினியின் நினைவகம் 24 கிலோபைட் மட்டுமே. அதில் 16 கிலோபைட் இயங்குதளத்துக்கும், 8 கிலோபைட் பயனர் நிரல்களுக்கும் போயின. அக்கால யூனிக்ஸ், இடம் போதாதபோது ஒரு நிரலை முழுவதுமாக வட்டுக்கு அனுப்பி, பின்னர் முழுவதுமாகத் திரும்பக் கொண்டுவந்தது. ஸ்வாப் என்ற சொல் இந்த இடமாற்றத்தையே குறித்தது. 1975-இல் வந்த ஆறாம் பதிப்பில், வட்டிலிருந்து படித்த தரவை வைத்திருக்க 512 பைட் கொண்ட 15 இடங்களே இயல்பாக ஒதுக்கப்பட்டன. ஆகவே காலி நினைவகம் என்றால் உண்மையிலேயே எதற்கும் பயன்படாத இடம் என்றே பொருள்.

1979 இறுதியில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஓசல்ப் பாபவோலுவும் பில் ஜாயும் வாக்ஸ் கணினிக்கான யூனிக்ஸில் பக்க முறையைச் சேர்த்தனர். 3பிஎஸ்டி எனப்படும் இப்பதிப்பு முதல், நிரலின் சில பக்கங்களை மட்டும் வட்டுக்கு அனுப்ப முடிந்தது.

பொருள் மாறிய "காலி"

1988-இல் வெளிவந்த சன்ஓஎஸ் 4.0, கோப்புகளுக்கும் நிரல்களுக்கும் நினைவகத்தைப் பொதுவாக்கியது. நிரல்களுக்குத் தேவைப்படாத இடமெல்லாம் படித்த கோப்புகளின் நகல்களால் நிரம்பியது. மீண்டும் கேட்கும்போது அக்கோப்புகள் விரைவாகக் கிடைத்தன. ஆனால் காலி நினைவகம் எப்போதும் குறைவாகவே தெரிந்தது. 2000-இல் வந்த சோலாரிஸ் 8, எளிதில் விடுவிக்கக்கூடிய கோப்பு நகல்களையும் காலி இடமாகவே கணக்கிட்டது. அதே கணினியில் இயங்குதளத்தை மட்டும் மாற்றினாலும் அந்த எண் பெரிதாக உயர்ந்தது.

லினக்ஸில் வட்டுக்குப் பக்கங்களை அனுப்பும் வசதி 1992 ஜனவரியில் வெளியான 0.12 பதிப்பில் இடம்பெற்றது. நெடுங்காலம் காலி, கேஷ் என்ற எண்களைப் பயனரே கூட்டிப் பார்த்தார். 2014-இல் வந்த லினக்ஸ் 3.14, புதிய நிரல்களுக்கு ஸ்வாப் இல்லாமல் எவ்வளவு தரமுடியும் என்ற மதிப்பீட்டைத் தானே வெளியிட்டது. ஃப்ரீ கட்டளையில் இது "அவெய்லபிள்" என்ற பத்தியாகத் தெரிகிறது.

எண்களைப் படிக்கும் முறை

16 ஜிபி நினைவகமுள்ள வழங்கியில் காலி 400 எம்பி, அவெய்லபிள் 10 ஜிபி எனக் கொள்வோம். இங்கு நினைவகத் தட்டுப்பாடு இல்லை.

ஸ்வாப்பில் 1 ஜிபி நிரம்பியிருப்பதும் தனியே கவலைக்குரியதன்று. என்றோ ஒருநாள் வெளியேற்றப்பட்டு, பிறகு யாரும் கேட்காத பக்கங்கள் அங்கேயே கிடக்கும். பரணில் பொருள்கள் இருப்பதால் வீட்டில் இடநெருக்கடி என்று சொல்வதில்லை. ஓயாமல் பரணில் ஏறி இறங்க வேண்டியிருந்தால்தான் நெருக்கடி. அந்த ஏற்ற இறக்கத்தை விஎம்ஸ்டாட் கட்டளையின் "எஸ்ஐ", "எஸ்ஓ" பத்திகள் காட்டும். எஸ்ஐ என்பது ஸ்வாப்பிலிருந்து நினைவகத்துக்கு வருவது; எஸ்ஓ என்பது வெளியேறுவது. கட்டளை தரும் முதல் வரி கணினி தொடங்கியது முதலான சராசரி என்பதால், அடுத்த வரிகளையே பார்க்க வேண்டும். அவற்றில் இரண்டு பத்திகளும் தொடர்ந்து உயர்ந்திருந்தால் டென்னிங் சொன்ன திணறல் நெருங்குகிறது.

ஸ்வாப்பே இல்லாத வழங்கியும் திணறலாம். அப்போது இயங்கும் நிரலின் குறிமுறைப் பக்கங்களே வெளியேற்றப்பட்டு மீண்டும் மீண்டும் வட்டிலிருந்து படிக்கப்படும். ஸ்வாப் எண்களில் இது தெரியாது. 2018 டிசம்பரில் வந்த லினக்ஸ் 4.20, நினைவகத்துக்காக நிரல்கள் காத்திருக்கும் நேரத்தை விழுக்காடாகக் காட்டத் தொடங்கியது. எவ்வளவு இடம் மீதி என்பதை விட, தட்டுப்பாட்டால் எவ்வளவு வேலை தடைபடுகிறது என்பதை இந்த அளவு நேரடியாகச் சொல்கிறது.