'எச்' போட்ட வரியைப் பார்த்தோம், 'எல்' போட்ட வரியை விட்டுவிட்டோம்

பலாங்கொடைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கும் என் பெரியம்மா மகள், போன மழைக்காலத்தில் ஓர் இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அவருடைய மகனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல்.

"தம்பி, பி.டி.டபிள்யூன்னு ஒரு இடத்துல எச் போட்டிருக்கு. பயமா இருக்கு, என்னான்னு பாத்துச் சொல்லு."

எனக்கும் தெரியவில்லை. தெரிந்த வைத்தியர் ஒருவருக்கு அனுப்பினேன். அவர் பி.டி.டபிள்யூவைப் பற்றிப் பேசவே இல்லை. "சிறுதட்டு 96,000. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்" என்றார். அந்த வரியில் 'எல்' போட்டிருந்தது. சீனி, கொலஸ்ட்ரோல் அறிக்கைகளைப் பார்த்துப் பழகிய அக்கா, "குறைவுன்னா நல்லதுதானேன்னு நெனச்சேன்" என்றார்.

இரத்தம் உறைய உதவும் நுண்ணிய துணிக்கைகளே குருதிச் சிறுதட்டுகள். என்பு மச்சையில் உருவாகி 8 முதல் 10 நாட்கள் வரை வாழும். ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில் 150,000 முதல் 450,000 வரை இருப்பது வழமை.

அறிக்கையில் இவற்றைப் பற்றி முக்கியமாக மூன்று வரிகள் இருக்கும். பி.எல்.டி என்பது எண்ணிக்கை. எம்.பி.வி என்பது சராசரிப் பருமன். பி.டி.டபிள்யூ என்பது அவை பருமனில் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைக் காட்டுவது.

புதிதாக உருவாகும் சிறுதட்டுகள் பொதுவாகச் சற்றுப் பெரியவை. இருப்பவை வேகமாக அழிந்து, மச்சை புதியவற்றை அனுப்பும்போது பெரியதும் சிறியதும் கலந்திருக்கும், பி.டி.டபிள்யூ உயரும். நோயே இல்லாமலும் உயரலாம். குழாயில் எடுத்த இரத்தம் பல மணிநேரம் கிடந்தால் சிறுதட்டுகள் வீங்கிவிடும். இயந்திரத்துக்கு இயந்திரம் அளவும் மாறும். ஆகவே அந்த 'எச்' மட்டும் ஒரு நோயின் பெயரல்ல. எண்ணிக்கையோடும் நோயாளியின் நிலையோடும் சேர்த்தே வைத்தியர் அதை வாசிப்பார்.

2017இல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு சந்தேகத்தில் பதிவானார்கள். இங்கு காய்ச்சல் என்றால் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு. சிறுதட்டு எண்ணிக்கை 100,000க்குக் கீழே போனால் வைத்தியசாலையில் அனுமதிக்க வேண்டும். அடுத்தது பி.சி.வி, சில அறிக்கைகளில் எச்.சி.டி என்றிருக்கும். அது ஏறிக்கொண்டே போனால் இரத்தத்தின் நீர்ப்பகுதி நாளங்களுக்கு வெளியே கசிவதாக இருக்கலாம். உயிராபத்து பெரும்பாலும் அந்தக் கசிவால்தான் வருகிறது. காய்ச்சல் விடும் நேரத்தில்தான் அது தொடங்கும் என்பதால், 'சுகமாகிவிட்டது' என்று நினைத்துவிடக் கூடாது.

கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, இரத்தக் கசிவு, சோர்ந்து மயங்குதல், சிறுநீர் குறைதல் இருந்தால் அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும் போதும். அஸ்பிரின், இபுபுறோபன், டைக்ளோபினக் கொடுக்கக் கூடாது. பழைய அறிக்கைகளைத் திகதி வரிசையில் கொண்டுபோங்கள். ஏறுகிறதா இறங்குகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

அன்றிரவே ஓட்டோ பிடித்துப் போனார்கள். ஆறாம் நாள் பிள்ளை வீடு திரும்பினான். அக்கா இப்போது அறிக்கை கிடைத்ததும் முதலில் பி.எல்.டி வரியைத்தான் தேடுகிறார்.