சேப்பாக்கம் அரண்மனை: நவாபின் தர்பாரிலிருந்து வருவாய் வாரியம் வரை

ஏற்காட்டை அடுத்த நாகலூர், காபியும் மிளகும் விளையும் மலைச் சிற்றூர். சேர்வராயன் மலையில் காபிச் செடி வேர்கொண்டது 1820-களில். அப்போது சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் அதனை இங்கே பரப்பினார். மலைநிலத்தை யாருக்கு அளிப்பது, எவ்வளவு தீர்வை விதிப்பது என்பன போன்ற செய்திகளைச் சேலத்து ஆட்சியர்கள் சென்னையிலிருந்த வருவாய் வாரியத்துக்கு எழுதினர். 1786-இல் தோன்றிய அந்த வாரியமே மாகாணத்தின் நிலவரி அனைத்துக்கும் தலைமைப் பீடம். மலையுச்சியில் ஒரு தோட்டத்தின் எல்லைக்கல் நடப்படுவதற்கும் கடலோரத்தில் ஒரு மேசையின்மேல் கோப்பு நகர்வதற்கும் தொடர்பு இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அந்த மேசை இடப்பட்டிருந்த கட்டடம் எது? சென்னை மெரினாவுக்கு எதிரே நிற்கும் சேப்பாக்கம் அரண்மனை. அது அலுவலகமாகக் கட்டப்பட்டதன்று. கர்நாடக நவாப் முஹம்மது அலி கான் வாலாஜாவின் இல்லமாகவும் தர்பாராகவும் எழுந்தது. ஒரு முஸ்லிம் அரசமரபின் வீடு ஆங்கில அரசின் வரிக் கச்சேரியாக மாறிய வரலாறு, நம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பாடமாக அமையத் தக்கது.

கோட்டைக்கு அருகே ஒரு மாளிகை

முஹம்மது அலி 1749 முதல் 1795 வரை நவாபாக இருந்தார். அவருடைய முன்னோரின் தலைநகர் ஆற்காடு. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தென்னாட்டில் மோதிக்கொண்ட காலத்தில் அவர் ஆங்கிலக் கம்பெனியின் பக்கம் நின்றார். 1763-இல் கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கை அவரைக் கர்நாடகத்தின் உரிமையுள்ள நவாபாக ஏற்றது. 'வாலாஜா' என்னும் விருது முகலாயப் பேரரசர் ஷா ஆலமிடமிருந்து வந்தது.

பகைவர் பலராக இருந்ததால் ஆங்கிலேயரின் நிழலில் வாழ்வதே பாதுகாப்பு என்று அவர் கருதினார். செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள்ளேயே மாளிகை கட்ட விரும்பினார். அதற்கென இடமும் பேசப்பட்டது. அத்திட்டம் நிறைவேறவில்லை. கோட்டையின் ஒரு வாயிலுக்கு வாலாஜா வாயில் என்னும் பெயர் மட்டும் நிலைத்தது. பின்னர் கோட்டைக்குத் தெற்கே, கூவத்தைக் கடந்து, சேப்பாக்கத்தில் நிலம் வாங்கி 1768-இல் அரண்மனை எழுப்பினார். மதில் சூழ்ந்த அவ்வளாகம் ஏறத்தாழ 117 ஏக்கர் பரந்திருந்தது. இன்றைய கிரிக்கெட் மைதானமும் எழிலகமும் நிற்கும் நிலம் அதன் பகுதியே.

கட்டடக்கலை

அரண்மனை இரு பகுதிகளைக் கொண்டது. ஒன்று கலஸ் மஹால், மற்றொன்று ஹுமாயூன் மஹால். கலஸ் மஹால் இரண்டு தளங்களுடன் குடியிருப்பாக விளங்கியது. ஹுமாயூன் மஹாலில் தர்பார் மண்டபமான திவான்கானா இருந்தது. பல இதழ்கள் விரிந்தாற்போன்ற வளைவுகள், சிறு குவிமாடங்கள், மெல்லிய மினார்கள், உயரமான கூடங்கள், கடற்காற்றை உள்ளே அழைக்கும் தாழ்வாரங்கள் ஆகியன அதன் இலக்கணம். முகலாய, தக்காண மரபின் வடிவங்களை ஐரோப்பியக் கட்டுமான முறையோடு இணைத்த முன்னோடிக் கட்டடம் இது என்பர். பிற்காலத்தில் இப்பாணி 'இந்தோ-சாரசெனிக்' எனப் பெயர் பெற்றது. சாரசென் என்பது ஐரோப்பியர் முஸ்லிம்களைக் குறிக்க வழங்கிய பழஞ்சொல். உயர்நீதிமன்றம் உள்ளிட்ட சென்னையின் புகழ்பெற்ற செந்நிறக் கட்டடங்கள் பல, இந்த அரண்மனை காட்டிய வழியில் பின்னர் எழுந்தவையே.

சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு தடிமனாக எழுப்பப்பட்டவை. மேற்கூரை 'மெட்ராஸ் டெரஸ்' எனப்படும் முறையில் அமைந்தது. தேக்கு விட்டங்களின்மேல் சிறு செங்கற்களைக் குத்துவாட்டில் சாய்வாக நிறுத்தி, சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்து, அதன்மேல் சுண்ணாம்புக் காரையைக் கெட்டித்து, தட்டோடு பதிப்பார்கள். வெப்பத்தைத் தடுப்பதில் இதற்கு ஈடில்லை. ஆனால் இதன் உயிர் மரவிட்டத்தில் இருக்கிறது. நெருப்பும் கறையானும் இதன் பகைவர்கள்.

கட்டியவரும் கடன் கொடுத்தவரும்

இம்மாளிகையைக் கட்டியவர் என மரபாகச் சொல்லப்படுபவர் பால் பென்ஃபீல்டு. 1764-இல் கம்பெனியின் பொறியாளராகச் சென்னை வந்தவர், பிறகு ஒப்பந்தக்காரரானார், அதன்பின் நவாபுக்கே வட்டிக்குக் கடன் கொடுப்பவரானார்.

நவாபின் கடன்கள் எப்படி வளர்ந்தன? போர்ச் செலவு முழுவதையும் கம்பெனி அவர் கணக்கில் எழுதியது. அதைச் செலுத்தக் கம்பெனியின் ஊழியர்களிடமே அவர் தனிப்பட்ட முறையில் கடன் பெற்றார். வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு இருபதுக்கும் மேல் ஓடிற்று. ஈடாக ஊர்களின் நிலவரியை எழுதிக் கொடுத்தார். விதை ஊன்றுமுன்பே விளைச்சல் கடன்காரருக்கு உரியதாயிற்று. அதன் சுமை உழவன் தலையில் விழுந்தது.

1776-இல் ஆளுநர் பிகட், நவாபின் பிடியிலிருந்த தஞ்சையை அதன் அரசருக்கே திருப்பி அளித்தார். உடனே பென்ஃபீல்டு, தஞ்சையின் வருவாயில் தமக்கு 2,34,000 பவுன் பாக்கி உண்டு என்று உரிமை கோரினார். ஆண்டுக்குச் சில நூறு பவுன் சம்பளம் பெற்ற ஊழியருக்கு இத்தொகை எங்கிருந்து வந்தது என்று பிகட் கேட்டார். கம்பெனியின் ஆலோசனைச் சபையில் நவாபுக்குக் கடன் கொடுத்தவர்கள் பலர் இருந்தனர். அவ்வாண்டு ஆகஸ்டில் ஆளுநரே சிறைப்பிடிக்கப்பட்டார். 1777 மே மாதம் காவலிலேயே இறந்தார். 1785-இல் எட்மண்ட் பர்க், ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி இலண்டன் நாடாளுமன்றத்தில் நீண்ட உரை நிகழ்த்தி, பென்ஃபீல்டையும் அவர் கூட்டத்தாரையும் கடுமையாகச் சாடினார். அதனால் நவாபின் கடன் குறையவில்லை.

அரண்மனை கைமாறிய விதம்

1799-இல் திப்பு சுல்தான் ஷஹீதானார். சீரங்கப்பட்டணத்தில் கிடைத்த கடிதங்களைக் காட்டி, நவாபுகள் திப்புவோடு இரகசியத் தொடர்பு வைத்திருந்தனர் என்று கம்பெனி குற்றஞ்சாட்டியது. 1801 ஜூலையில் நவாப் உம்தத்துல் உமரா சேப்பாக்கத்தில் மரணப்படுக்கையில் கிடந்தபோது கம்பெனிப் படை அரண்மனையைச் சூழ்ந்து நின்றது. அவர் இறந்தபின், அவருடைய வாரிசு கம்பெனியின் நிபந்தனைகளை ஏற்க மறுத்தார். அவரை விலக்கி, இணங்கிய அஸீமுத் தௌலாவை நவாபாக்கினார்கள். நாட்டின் ஆட்சி முழுவதும் கம்பெனிக்குப் போயிற்று. நவாபுக்கு எஞ்சியவை வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும், பட்டமும், இந்த மாளிகையும்.

1855-இல் நவாப் குலாம் முஹம்மது கௌஸ் கான் ஆண் வாரிசின்றி மறைந்தார். டல்ஹௌசியின் ஆட்சிக்காலம் அது; நவாப் பட்டம் ஒழிக்கப்பட்டது. கடனை அடைப்பதற்கென அரண்மனை ஏலத்துக்கு வந்தது. அரசே அதை வாங்கிக்கொண்டது. நவாபைக் கடனில் ஆழ்த்திய ஆட்சியின் வாரிசே, அந்தக் கடனின் பேரால் அவருடைய வீட்டையும் பெற்றது. 1867-இல் அக்குடும்பத்துக்கு 'ஆற்காடு இளவரசர்' என்னும் பட்டம் அளிக்கப்பட்டது. 1876 முதல் அவர்களின் இருப்பிடம் ராயப்பேட்டையிலுள்ள அமீர் மஹால்.

கச்சேரியாக ஒரு நூற்றாண்டு

அரசின் கைக்கு வந்த அரண்மனையில் வருவாய் வாரியம் குடியேறியது. பொறியியல் கல்லூரியும் 1862 முதல் சேப்பாக்கத்தில் நடைபெற்று, 1920-இல் கிண்டிக்குச் சென்றது. மாநிலக் கல்லூரியை வடிவமைத்த ராபர்ட் ஃபெல்லோஸ் சிஸ்ஹோம் அரண்மனையின் மாற்றங்களையும் ஏற்றார். இரு மஹால்களுக்கும் இடையே உயர்ந்த சதுரக் கோபுரத்தை எழுப்பி இரண்டையும் இணைத்தார். கடற்கரைப் பக்கம் புதிய முகப்பையும் ஆவணக் கூடத்தையும் சேர்த்தார். பழைய பாணியோடு அவர் வேலை மிகவும் ஒத்திசைந்ததால், எது நவாபுடையது, எது அரசுடையது என்று பார்ப்பவர் எளிதில் பிரித்தறிய முடியாது.

விடுதலைக்குப் பிறகும் அது அலுவலகமாகவே தொடர்ந்தது. வருவாய் வாரியம் 1980-இல் கலைக்கப்பட்டு, அதன் பணிகள் ஆணையர்களிடம் பிரித்தளிக்கப்பட்டன. அந்த ஆணையரகங்கள் இன்றும் அருகிலுள்ள எழிலகத்தில் இயங்குகின்றன. நாகலூர்த் தோட்டக்காரர் ஒருவர் நில வழக்கில் மேல்முறையீட்டுக்கு வந்தால், இப்போதும் நவாபின் பழைய வளாகத்துக்குள்தான் நுழைய வேண்டியிருக்கும்.

2012 ஜனவரி 16 அதிகாலையில், பல அலுவலகங்கள் இயங்கிவந்த கலஸ் மஹாலைத் தீ விழுங்கியது. கட்டுக்கட்டான கோப்புகளும் நூற்றாண்டு கண்ட தேக்கு விட்டங்களும் எரிந்தன, கூரை சரிந்தது. தீயணைப்பு அதிகாரி ஒருவர் கடமையில் உயிர் நீத்தார். வேறு சிலர் காயமுற்றனர். இடித்துவிடலாம் என்ற பேச்சையும் மீறி, பொதுப்பணித் துறை பழைய முறைப்படியே கலஸ் மஹாலைச் சீரமைத்தது. இன்று அங்கே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடைபெறுகிறது. நெடுங்காலம் பாழடைந்து கிடந்த ஹுமாயூன் மஹாலும் சுண்ணாம்புச் சாந்தும் தேக்கும் கொண்டு புதுப்பிக்கப்பட்டது. அங்கே விடுதலைப் போராட்ட அருங்காட்சியகம் அமைக்கப்படும் என்று அரசு அறிவித்தது. கம்பெனி பறித்த மாளிகைக்கு இது பொருத்தமான பயன்.

சிறிது தொலைவில் இன்னொரு கட்டடம்

அரண்மனையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் வாலாஜா பள்ளிவாசல் நிற்கிறது. நவாப் மறைந்த அதே 1795-இல் அவர் குடும்பத்தாரால் கட்டப்பட்டது. மரமும் இரும்பும் சேர்க்காமல் கருங்கல்லால் எழுந்தது. அதன் பாரசீகக் கல்வெட்டை இயற்றியவர் நவாபின் அரசவையைச் சேர்ந்த ராஜா மக்கன் லால் என்னும் ஹிந்துப் புலவர். நவாபின் அழைப்பை ஏற்றுச் சென்னை வந்த பேரறிஞர் பஹ்ருல் உலூம் மௌலானா அப்துல் அலீ, 1810-இல் காலமாகி, அப்பள்ளியின் அருகில் அடக்கமாகியுள்ளார்.

ஒரே குடும்பத்தின் பெயரை இரண்டு கட்டடங்களும் சுமக்கின்றன. அரண்மனை கடன்காரர் கைக்குப் போயிற்று. அல்லாஹ்வுக்கென அளிக்கப்பட்ட பள்ளிவாசலை எந்தக் கடனாலும் ஏலத்துக்குக் கொண்டுவர இயலவில்லை. இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அங்கே ஐவேளை பாங்கு ஒலிக்கிறது. ரமழானில் நோன்பாளிகள் வரிசையாக அமர்கிறார்கள்.

இதற்காக நவாபை மட்டும் குறைசொல்வது நீதியாகாது. அவருடைய கடனில் பெரும்பகுதி பிறருடைய போர்களின் விலை. அவர் காலத்தில் கணக்கெழுதும் கோல் கம்பெனியின் கையில் இருந்தது. ஆயினும் தமக்கு மாளிகை கட்டியவரிடமே கடன்பட்டதும், ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன் பெற்றதும் அவருடைய பிழைகளே. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுத்தில் பதிவதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது என்பதை நாம் அறிவோம். கடன் சுமையிலிருந்து அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் தொழுகையில் பாதுகாவல் தேடிய செய்தியையும் அறிவோம். அறிந்தும், திருமணத்துக்கும் வீட்டு முகப்புக்கும் வட்டிக்கு வாங்கி, மரணத்தின்போது வாரிசுகளுக்குத் தெரியாத கடனை விட்டுச் செல்வோர் நம்மிடையே இல்லையா? ஆற்காட்டு அரசுக்கு நேர்ந்தது சிறிய அளவில் நம் தெருவிலும் நேர்கிறது.

அடுத்த முறை மெரினாவுக்குச் செல்லும்போது பிள்ளைகளின் கையைப் பிடித்து வாலாஜா சாலைப் பக்கம் திரும்புங்கள். செங்கல் நிறத்தில் உயர்ந்து நிற்கும் அந்தக் கோபுரத்தைக் காட்டி, இது யாருடைய வீடாக இருந்தது, எப்படிப் போயிற்று என்று சொல்லுங்கள். பிறகு வாலாஜா பள்ளியில் அஸர் தொழுதுவிட்டு, இது ஏன் போகவில்லை என்பதையும் சொல்லுங்கள்.