நன்னூல் கணக்கில் ஆசிரியரின் பங்கு

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூலை இலக்கண நூல் என்று ஒதுக்கிவிடுகிறோம். அதன் தொடக்கத்திலுள்ள பொதுப்பாயிரமோ கற்பிப்பவரையும் கற்பவரையும் பற்றிப் பேசுகிறது. ஆறுமுக நாவலரின் காண்டிகையுரையோடு யாழ்ப்பாணம் அதைப் படித்தது. நாவலர் காலத்துச் சங்கர பண்டிதரின் ஊரான நீர்வேலியின் பிள்ளைகளை மனதில் வைத்து, பாடஞ் சொல்லும் முறையை வகுக்கும் சூத்திரத்துக்கு இங்கே பொருள் சொல்கிறேன்.

ஏற்ற பொழுதும் ஏற்ற இடமும் பார்க்க வேண்டும் என்பது தொடக்கம். விடியப்புறம் வாழைக்கு இறைத்துவிட்டு வரும் பிள்ளைக்கு எந்த வேளையில் கணக்கு ஏறும்? நேரசூசி போடுபவர் கேட்க வேண்டிய கேள்வி இது.

சொல்லும் பொருளை முன்கூட்டியே மனதில் ஒழுங்கு செய்தல், அவசரப்படாமை, சினவாமை, முகமலர்ச்சி என்பன அடுத்து வருகின்றன. இவற்றை ஆசிரியரின் நற்குணங்கள் என்றே படித்துப் பழகிவிட்டோம். எனக்கு இவை பிள்ளையின் தேவைகளாகவே படுகின்றன. பயந்த பிள்ளை விளங்கவில்லை என்று வாய் திறக்காது. அது வாய் திறக்காவிட்டால் சூத்திரத்தின் அடுத்த கட்டளையை ஆசிரியர் நிறைவேற்றவே முடியாது.

அந்தக் கட்டளைதான் சூத்திரத்தின் உயிர்: கேட்பவர் எவ்வகையில் வாங்கிக்கொள்வார் என்பதை அறிந்து, அவர் உள்ளத்தில் பதியும்படி சொல்லுதல். அறிவது முதலில், சொல்வது பிறகு. தோட்டக்காரர் வீட்டுப் பெடியன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். சந்தையில் கழிவென்று நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ வெட்டப்படுவதைப் பார்த்து வளர்ந்தவன் அவன். ஐம்பது கிலோ வாழைக்குலைக்கு எவ்வளவு வெட்டுவார்கள் என்று கேட்டால் உடனே சொல்லுவான். கரும்பலகையில் சதவீதம் என்று எழுதியதும் தலை குனிகிறான். அவனுக்குக் கணக்கு வராது என்று அறிக்கை அட்டையில் எழுதுவது அநியாயம். அவன் வாங்கும் வகையை யாரும் அறிய முயலவில்லை என்பதே உண்மை. கழிவிலிருந்து தொடங்கினால் சதவீதம் அவனுக்கு ஒரு நாள் பாடம். அந்தக் கழிவு நியாயமா என்ற கேள்விக்கும் அவனே வந்துவிடுவான்.

கோணலில்லாத மனத்தோடு கொடுக்க வேண்டும் என்று சூத்திரம் முடிகிறது. இதன் மறுபக்கம், ஆசிரியராகத் தகாதவர்க்குப் பவணந்தியார் காட்டும் உவமைகளில் இருக்கிறது. அவற்றில் ஒன்று முடத்தெங்கு: ஒரு வளவில் தண்ணீர் குடித்து, அடுத்த வளவில் காய் போடும் தென்னை. காலையில் பள்ளிக்கூடத்தில் மேலோட்டமாகச் சொன்ன பாடத்தைப் பின்னேரம் ரியூசனில் காசுக்கு விரிப்பவர்களைப் பார்க்கும்போது இந்த உவமைக்கு வேறு உரை தேவையில்லை. 1945இல் இலவசக் கல்வி பெற்ற நாட்டில், காசில்லாத வீட்டுப் பிள்ளையே இதில் தோற்கிறது.

மாணவர் கற்கும் முறையைச் சொல்லும் இடத்தில் பாயிரம் ஒரு கணக்குப் போடுகிறது. ஆசிரியர் சொன்னதை நன்றாக உள்வாங்கினாலும் கிடைப்பது காற்பங்கு. உடன் கற்பவரோடு பழகி இன்னொரு காற்பங்கு. மிச்சப் பாதி, பிறருக்குத் தெளிவாக எடுத்துச் சொல்லும்போது வருகிறது. நாற்பது நிமிடமும் வாய்மூடிக் கரும்பலகையைப் பார்த்திருக்கும் வகுப்பு, எவ்வளவு சிறப்பாக நடந்தாலும், முதற் காற்பங்கோடு நின்றுவிடும். தரம் 8 பிள்ளை தரம் 5 பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க நேரசூசியில் கிழமைக்கு ஒரு பாடவேளையாவது ஒதுக்க வேண்டும். கழிவுக் கணக்குத் தெரிந்த அந்தப் பெடியனே அதைத் தொடங்கி வைக்கலாம்.